‘பஞ்சு போச்சு சார், தூக்கிப் போட்ருங்க!’

ஒருவர் பழைய கான்டெஸா ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் தெருமுனை டாக்டர் வைத்திருந்த கார், கல்யாண ஊர்வலத்தில் பார்த்த கார் என்று ஏதாவது ஒரு ஃப்ளாஷ்பேக் கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை. இன்ஜின் ஓடுகிறது. பாடி ஓரளவு தேறுகிறது. சீட்தான் சிக்கல். முன்பு வைத்திருந்தவர் ஒரிஜினலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏதோ ஒரு புதுக் காரின் சீட்டை வெல்டிங் வைத்துப் பொருத்தியிருக்கிறார். நம் கான்டெஸாக்காரர் சென்னை புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைகிறார். ஐந்தாவது சனிக்கிழமை ஒரு ஜோடி ஒரிஜினல் முன்சீட் சிக்குகிறது. சட்டம் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் கோணவில்லை. துணி கிழிந்திருக்கிறது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பில் பஞ்சு பிய்ந்து ஒரு குழி. மற்ற இடமெல்லாம் கையால் அமுக்கினால் மெல்ல எழும்பி வருகிறது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராகக் குஷன் கடைக்குப் போகிறார். கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே ஒரு பார்வை பார்க்கிறார்.

“பஞ்சு போச்சு சார். தூக்கிப் போட்ருங்க. 40 டென்சிட்டி போட்டுத் தர்றேன். சும்மா சோபா மாதிரி இருக்கும்.”

முடிந்தது கதை. ஐந்து சனிக்கிழமை தேடிய பொருள் ஐந்து நிமிடத்தில் குப்பை.

அந்தக் கடைக்காரர் சொன்னதில் மூன்று விஷயம் இருக்கிறது. பஞ்சு போய்விட்டது, 40 டென்சிட்டி போட்டால் சரியாகிவிடும், சோபா மாதிரி இருப்பது நல்லது. மூன்றும் தப்பு. ஆனால் ஊரில் பத்துக் கடையில் கேட்டால் பத்திலும் இதே வசனம்தான் கிடைக்கும். காரைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்களும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். கார்ப்பரேட்டரின் ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரிஜினல் வேண்டும் என்று மும்பை வரைக்கும் போன் போடுகிறவர், தான் உட்காரும் பொருளை மட்டும் மறுபேச்சில்லாமல் கிழிக்கக் கொடுத்துவிடுகிறார்.

முதலில் ‘போச்சு’ என்ற வார்த்தையைப் பார்ப்போம்.

கார் சீட்டுக்குள் இருப்பதைப் பஞ்சு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பாலியூரிதேன் ஃபோம். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்த வேதியியலின் பேரப்பிள்ளை. பாலியால் என்று ஒன்று, ஐசோசயனேட் என்று ஒன்று, கொஞ்சம் தண்ணீர். தண்ணீரும் ஐசோசயனேட்டும் சேரும்போது கார்பன் டை ஆக்ஸைடு வருகிறது. அந்த வாயு மாவைப் பொங்க வைக்கிறது. இட்லி மாவு மாதிரிதான், ஆனால் சில நிமிடத்தில் பொங்கி முடிந்துவிடும். இந்தப் பொங்கலை நீளமான கட்டியாக ஊற்றி, பிறகு பலகை பலகையாக அறுத்தால் அது கடையில் கிடைக்கும் ஷீட் ஃபோம். சீட்டின் வடிவத்திலேயே செய்த அச்சுக்குள் ஊற்றிப் பொங்க வைத்தால் அது வார்ப்பு ஃபோம். இரண்டும் ஒரே ஜாதிதான் என்றாலும் ஒரே பொருள் இல்லை. வார்ப்பு ஃபோமுக்கு வெளிப்பக்கம் சற்று அடர்த்தியான ஒரு தோல் இருக்கும். துணியை இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கு வாய்க்கால் இருக்கும். தொடைக்கு ஒரு மேடு, இடுப்புக்கு ஒரு பள்ளம், பக்கவாட்டில் ஒரு அணை. இதையெல்லாம் ஷீட்டில் வெட்டி ஒட்டிக் கொண்டுவர முடியும். ஆனால் எதைப் பார்த்து வெட்டுவது? பழைய ஃபோமைப் பார்த்துத்தான். அதைத்தான் முதலில் குப்பையில் போட்டாயிற்றே!

இந்த ஃபோம் எப்படிச் சாகிறது? நாலைந்து வழி உண்டு. வெயில் பட்டால் மஞ்சளாகும், நாள்பட மேல்பரப்பு உதிரும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அதன் சங்கிலி அறுபடும், ஒட்டும் பிசினாகவோ தூளாகவோ மாறும். ஏறி இறங்கும்போது உராய்ந்து விளிம்பு பிய்யும். எலி கடிக்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அறுக்கும். இதில் முதல் இரண்டுதான் உடம்பெல்லாம் பரவும் வியாதி. மற்றவை காயம். காயத்துக்குக் கட்டுப் போடுவார்களா, ஆளையே புதைப்பார்களா?

வெறும் மஞ்சள் நிறத்தைப் பார்த்து ‘போச்சு’ என்று சொல்வது சுத்த அபத்தம். மஞ்சள் என்பது வயசு. ஒரு விரலை அழுத்தித் தேய்த்தால் தூள் வருகிறதா, கிள்ளினால் துண்டு கையோடு வருகிறதா, உள்ளங்கையால் அரை நிமிடம் அமுக்கிவிட்டு எடுத்தால் எழும்புகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. டீ கிளாஸைக் கீழே வைத்தால் போதும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஸ்பிரிங். பழைய சீட்டுகளில் ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு சாக்குத் துணியோ கெட்டியான ஃபெல்ட்டோ இருக்கும். ஸ்பிரிங் கம்பி நேரடியாக ஃபோமில் இறங்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. சில ரூபாய் பெறும் சரக்கு. வருடக்கணக்கில் வியர்வையும் ஈரமும் பட்டு அந்தச் சாக்குதான் முதலில் மக்கும். அது மக்கிய பிறகு ஸ்பிரிங் ஃபோமை அடியிலிருந்து கத்தி மாதிரி அறுக்க ஆரம்பிக்கும். மேலே உட்காருகிறவருக்குத் தெரிவதென்னவோ பள்ளம். உடனே பழி ஃபோம் மேல். புது ஃபோம் வாங்கி, மக்கிய அதே சாக்கின் மேல் வைத்துத் தைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அதே ஸ்பிரிங், அதே அறுவை. சீக்கிரமே மறுபடியும் அதே கடை. (வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்று மார்க்கெட்டிங் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இது எளிது.)

அடுத்து அந்த மந்திர எண், 40.

டென்சிட்டி என்பது எடை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது மட்டும்தான் அது. 40 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ. அது கெட்டியா மெத்தென்றா என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே 40 டென்சிட்டியில் கல் மாதிரியும் செய்யலாம், வெண்ணெய் மாதிரியும் செய்யலாம். கெட்டித்தன்மைக்குத் தனிச் சோதனை இருக்கிறது. ஒரு வட்டத் தகட்டை வைத்து, ஃபோமை அதன் தடிமனில் 25 அல்லது 40 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 2439 என்று அதற்கு ஒரு தரநிலை உண்டு. உழைக்குமா என்று பார்க்க இன்னொன்று. பாதித் தடிமனுக்கு அமுக்கி, சூட்டில் 22 மணி நேரம் வைத்து, விட்ட பிறகு எவ்வளவு எழும்பாமல் தங்கிவிடுகிறது என்று அளப்பார்கள். இந்த இரண்டு எண்ணையும் எந்தக் குஷன் கடையிலாவது யாராவது கேட்டதுண்டா? கேட்டால் கடைக்காரர் முறைப்பார். கேட்காததால் சந்தையில் எஞ்சியிருப்பது ஒரே எண்.

ஒரே எண்ணை வைத்து விலை பேசும் சந்தையில் என்ன நடக்கும் என்று சொல்லப் பொருளாதார மேதை வேண்டாம். எண்ணை ஏற்றுவார்கள். ஃபோமில் கால்சியம் கார்பனேட் தூள் கலந்தால் எடை கூடும், டென்சிட்டி கூடும், உழைப்பு கூடாது. இப்படி நிரப்பிய சரக்கு சந்தையில் உண்டு. அப்புறம் ரீபாண்டட் என்று ஒன்று. ஃபோம் ஆலையின் வெட்டுத் துண்டுகளைப் பொடித்துப் பசை போட்டு அழுத்திச் செய்வது. பல வண்ணத்தில் கொத்துப் பரோட்டா மாதிரி இருக்கும். டென்சிட்டி 40 என்ன, அதற்கு மேலேயும் சுலபமாகத் தாண்டும். ஜிம் தரைக்கும் மெத்தையின் அடித்தட்டுக்கும் நல்ல சரக்கு. கார் சீட்டின் மேற்பரப்பில் போட்டால் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

சரி, நிஜமாகவே நல்ல 40 டென்சிட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டின் அடிக் குஷன் நீளம் 50 செ.மீ., அகலம் 50 செ.மீ., தடிமன் 10 செ.மீ. என்றால் 0.025 கன மீட்டர். 40 டென்சிட்டியில் அது ஒரு கிலோ. 23 டென்சிட்டியில் 575 கிராம். வித்தியாசம் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு தராசு வைத்தால் தெரிந்துவிடும் சமாச்சாரம் இது. ஐந்து சனிக்கிழமை அலைய முடிந்தவருக்கு ஒரு தராசைத் தேட முடியாதா?

மூன்றாவது, சோபா. இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

சோபா நகராது. கார் நகரும். சீட் என்பது டயர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் என்ற வரிசையில் கடைசியாக நிற்கும் சஸ்பென்ஷன். மனித உடம்பு மேலும் கீழுமாக வரும் அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளைத்தான் மிக மோசமாக உணர்கிறது. முதுகெலும்பும் வயிறும் அந்த வேகத்தில்தான் அதிகம் குலுங்கும். சீட்டின் ஸ்பிரிங்கும் ஃபோமும் சேர்ந்து அந்த அதிர்வைக் குறைக்க வேண்டும். ஃபோமை மாற்றினால் இந்தக் கூட்டணி மாறுகிறது. கூடவே உயரமும் மாறுகிறது. பழைய ஃபோம் ஆள் உட்கார்ந்ததும் ஓரளவு இறங்கும். அந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஸ்டியரிங், கிளட்ச், கண்ணாடி எல்லாவற்றின் இடமும் வைக்கப்பட்டது. இறங்காத கெட்டி ஃபோமில் ஆள் மூன்று நாலு சென்டிமீட்டர் மேலே மிதப்பார். தலை கூரைத் துணியைத் தொடும். தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். சிக்னலைப் பார்க்கக் குனிய வேண்டும். “பழைய கார்னா அப்படித்தான் பாஸ், ஓட்டக் கஷ்டமா இருக்கும்” என்று அப்புறம் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 1984-ல் அந்தக் கார் வந்தபோது அப்படி இல்லை ஐயா! (அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு மேடு ஏற மூச்சு வாங்கியது என்பது வேறு கதை. உட்காருகிற சுகத்துக்காகத்தான் அதை வாங்கினார்கள்.)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. குஷன் கடைப் பக்கமே போகாமல் புதுக் காரின் சீட்டைத் தூக்கி உள்ளே வைக்கிறவர்கள். இவர்களிடம் சண்டை போடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் கார் ஓட்ட விரும்புகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் தரைத் தகட்டில் கண்ட இடத்தில் துளை போட்டு, துண்டு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடிக்கிறார்களே, அதற்காவது ஒரு நல்ல வெல்டரைக் கூப்பிடலாம். திடீர் பிரேக் அடித்தால் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த நாலு போல்ட்தான்.

இப்போது பணக் கணக்கு. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி உண்டு. ஒரு சொத்தின் முக்கியமான ஒரு பகுதிக்கு மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபட்ட ஆயுள் இருந்தால், அதைத் தனியாகத் தேய்மானம் கணக்கிட வேண்டும். விமானம்தான் பாடப் புத்தக உதாரணம். அதன் உடம்புக்கு ஓர் ஆயுள், இன்ஜினுக்கு ஓர் ஆயுள், உள்ளே இருக்கும் இருக்கைகளுக்கு ஓர் ஆயுள். இருக்கை நைந்துவிட்டது என்று யாரும் விமானத்தைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளுவதில்லை. பி.காம். படிக்கும் எவரும் தேர்வுக்கு முந்தின இரவு இதை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு கார் சீட்டும் அப்படித்தான். இரும்புச் சட்டம், ஸ்பிரிங், சாக்கு, ஃபோம், துணி, நூல். ஆறுக்கும் ஆறு ஆயுள். நூல் இற்றுப்போன சீட்டைப் பார்த்து ஆறையும் ஒன்றாகப் பூஜ்யமாக்குவதுதான் ‘தூக்கிப் போட்ருங்க’.

ஆனால் கடைக்காரர் முட்டாள் இல்லை. அவர் கணக்கு அவருக்குத் தெளிவு. பழைய ஃபோமைக் கிழித்தெறிந்து ஷீட் வெட்டி ஒட்ட, பேச்சுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோமில் கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, அளவெடுத்துத் துண்டு செதுக்கி, ஒட்டிக் காயவிட்டு, சீராக்க ஆறு மணி நேரம். பில்லில் மூன்று வரி இருக்கும்: ஃபோம், துணி, கூலி. வாடிக்கையாளர் எதில் பேரம் பேசுவார்? எப்போதும் மூன்றாவதில்தான். “ரெண்டு தையலுக்கு இவ்ளோவா?” என்பார். ஃபோம் விலையைக் கேட்டுவிட்டு வாயே திறக்க மாட்டார். ஏனென்றால் அது பொருள், கண்ணுக்குத் தெரிகிறது, கையால் தொடலாம். ஆறு மணி நேரத்தைத் தொட முடியாது. ஆகவே தன் வருமானத்தைக் கூலி வரியிலிருந்து ஃபோம் வரிக்குத் தள்ளிக்கொள்கிறார் கடைக்காரர். எவ்வளவு அதிகம் கிழிக்கிறாரோ அவ்வளவு அதிகம் விற்கலாம். இது ஏமாற்று இல்லை. தன் நேரத்துக்குக் காசு தர மறுக்கும் ஊரில் ஒரு கைவினைஞர் பிழைக்கும் வழி.

ஆக, சீட்டைக் கிழிப்பது கடைக்காரரின் கத்தி என்றாலும் கையைப் பிடித்து இழுப்பது காரின் சொந்தக்காரர். “புதுசு போடாதீங்க, இதையே சரி பண்ணுங்க, கூலி ரெண்டு மடங்கு தர்றேன்” என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். டீ கிளாஸ் உடனே கீழே இறங்கும். பழைய சீட் மேக்கர்கள் பலருக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். கேட்க ஆளில்லாமல் கை மறந்துகொண்டிருக்கிறது. அவர்களிடம் வேலை கற்கும் பையன்கள் ஷீட் வெட்டுவதை மட்டும்தான் பார்த்து வளர்கிறார்கள்.

அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் வேலை என்னவென்றாவது சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி ஏய்த்துவிடுவார்கள்.

துணியைக் கத்தியால் கிழித்து எடுக்கக் கூடாது. சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் வளையக் கம்பிகளைக் கட்டரால் ஒவ்வொன்றாக வெட்டித் துணியை முழுதாக உரிக்க வேண்டும். அதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ. மூக்கில் ஒரு மாஸ்க், ஏனென்றால் பழைய ஃபோமின் தூள் நல்ல சரக்கு இல்லை. அந்தக் காலத்து ஃபோம்களில் தீத்தடுப்புக்காகச் சேர்த்த பென்டா-பி.டி.இ. என்ற புரோமின் சரக்கை 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். எந்த சீட்டில் இருந்தது, எதில் இல்லை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. மாஸ்க் விலை சொற்பம்.

பிறகு கெட்ட இடத்தை நல்ல ஃபோம் வரும் வரை வெட்ட வேண்டும். நேர்க்குத்தாக இல்லை, சாய்வாக. சாய்வாக வெட்டினால் ஒட்டும் பரப்பு கூடும், மேலே உட்காரும்போது படி மாதிரி உறுத்தாது. வெட்ட நீளமான ரொட்டிக் கத்தி போதும், எலெக்ட்ரிக் கத்தி இருந்தால் ராஜபோகம். புதுத் துண்டு எந்த வடிவம்? இங்கேதான் பக்கத்து சீட் உதவும். நம் ஊரில் கதவு வழியாக ஏறி இறங்கித் தேய்வது டிரைவரின் வலது விளிம்பு. இடது முன்சீட் பெரும்பாலும் அவ்வளவு தேய்ந்திருக்காது. அதன் இடது விளிம்பில் காகிதத்தை வைத்து வரைந்து, திருப்பிப் போட்டால் டிரைவர் சீட்டின் வலது விளிம்பு தயார். ஜோடியாக வாங்கச் சொல்வது இதற்குத்தான்.

துண்டுக்கான ஃபோம் பழையதன் கெட்டித்தன்மைக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பதுதான் ஏழைகளின் ஐ.எஸ்.ஓ. 2439. ஷீட் ஃபோமுக்குப் பொங்கிய திசை என்று ஒன்று உண்டு. அந்தத் திசையில் அமுக்கினால் கெட்டி, குறுக்கே அமுக்கினால் கொஞ்சம் இளகும். ஆகவே துண்டைத் திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். சோபாவுக்கு விற்கும் ஃபோமையும் பார்சல் கட்டும் ஃபோமையும் காருக்குள் வைக்காமல் இருப்பது நல்லது. காருக்குள் இருக்கும் பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது என்று 1972-லிருந்தே அமெரிக்காவில் விதி இருக்கிறது. சோபா ஃபோம் அந்தக் கணக்கைப் பார்த்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. வாகனத்துக்கென்று விற்கும் ஃபோமைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒட்டுவது கடைகளில் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் ரப்பர் பசையால். இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். வழிய வழியப் பூசினால் காய்ந்ததும் அந்தக் கோடு கயிறு மாதிரி உறைந்து உட்காருகிற இடத்தில் குத்தும். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. துண்டை ஒரு சில மில்லிமீட்டர் பெரிதாகவே வெட்டி ஒட்டி, காய்ந்த பிறகு முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். அடியில் புதுச் சாக்கு. ஸ்பிரிங்கில் துருவைச் சுரண்டி பெயின்ட். மேலே முழுப் பரப்புக்கும் ஒரு சென்டிமீட்டர் மெல்லிய ஃபோம் போர்த்தினால் ஒட்டு கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது.

உட்கார்ந்து உட்கார்ந்து சப்பையான, ஆனால் உதிராத ஃபோமுக்கு நீராவி காட்டினால் ஓரளவு எழும்பும். நிரந்தரம் இல்லை, ஆனாலும் எழும்பும். கதவுச் சட்டத்தின் இடைவெளிக்கு அடிக்கும் ஸ்பிரே ஃபோமைக் குழிக்குள் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு புத்திசாலித்தனம் அங்கங்கே நடக்கிறது. அது காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். உட்கார்ந்தால் நொறுங்கும். சுற்றியிருக்கும் நல்ல ஃபோமையும் சேர்த்துக் கெடுக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கட்சி உண்டு. அவர்களையும் விட்டுவைக்க முடியாது. ‘ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான், ஒரு துண்டும் மாற்றக் கூடாது’ என்று தூளாகிப்போன ஃபோமைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்கிறவர்கள். அதற்கு மேல் பாலிதீன் போர்த்தி, யாரையும் உட்கார விடாமல், கண்காட்சிக்கு லாரியில் கொண்டுபோய் லாரியில் கொண்டுவருவார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமேகூட வாகனத்தை ஓட்டிப் பயன்படுத்துவதை ஆதரிக்கிறது. இருப்பதைக் காப்பாற்று, முடியாததை மட்டும் மாற்று என்பதுதான் அதன் போக்கு. ஃபோம் ஓலைச்சுவடி இல்லை. அதன் வடிவம்தான் காப்பாற்ற வேண்டியது. அதில் உள்ள ஒவ்வொரு குமிழும் இல்லை.

உண்மையிலேயே போய்விட்ட சீட்டும் இருக்கிறது. 1950கள், 60களின் பிரிட்டிஷ் கார்களில் டன்லப் வகையறா லேடக்ஸ் ஃபோம் இருக்கும். அது ரப்பர் பாலை நுரைத்துச் செய்தது. வயசானால் பழுப்பாகி, இறுகி, பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. அளவெடுத்துவிட்டு மாற்ற வேண்டியதுதான். வெள்ளத்தில் மூழ்கிய காரின் சீட்டும் அப்படித்தான். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபோமுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து பூஞ்சை பிடித்துவிட்டால் எத்தனை வெயிலில் காயப்போட்டாலும் வாசனை போகாது, நெஞ்சுக்கும் ஆகாது. பழைய பீட்டில், பழைய மெர்சிடிஸ் சீட்டுகளில் ஃபோமுக்குப் பதில் ரப்பர் கலந்த நார் மெத்தை இருக்கும். அதற்கு ஃபோம் வைப்பது இன்னொரு கூத்து. தேங்காய் நாரில் ரப்பர் தெளித்த அதே வகைச் சரக்கு நம் ஊர் மெத்தைக் கடையிலேயே பலகையாகக் கிடைக்கிறது.

ஏன் இதற்குப் போய் இத்தனை கோபம்?

கான்டெஸா 2002-ல் நின்றுவிட்டது. கம்பெனியில் போய்க் கேட்கலாம் என்றால் உத்தர்பாரா ஆலையிலேயே 2014 மே மாதம் வேலை நின்றுபோனது. 2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை வந்தது. பதிவுபெற்ற அழிப்பு மையத்துக்குப் போகும் காரில் இரும்புக்கு விலை உண்டு, சீட் ஃபோமுக்கு என்ன விலை இருக்கப்போகிறது? அதே 2021 ஜூலையில் இன்னொரு விதியும் வந்தது. 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வாகனத்தை 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ என்ற தனி வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். முதல் கான்டெஸாவுக்கு 50 வயது ஆவது 2034-ல். அந்த விதி சேஸிஸ், பாடி, இன்ஜினை மாற்றக் கூடாது என்கிறது, சீட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆக 2034-ல் வரிசையாக நிற்கப்போகும் கான்டெஸாக்களில் பானெட்டுக்குள் எல்லாம் சுத்தமாக இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே சோபா இருக்கும். அப்போது ஒருவர் ஒரிஜினல் வடிவம் வேண்டும் என்று கிளம்பினால், அளவெடுக்க ஊரில் ஒரு பழைய குஷன்கூட மிஞ்சியிருக்காது.

ஆகவே நம் கான்டெஸாக்காரர் ஆறாவது சனிக்கிழமை வேறு கடைக்குப் போகட்டும். போகும்போது ஒரு தராசும், கூலிக்குத் தனியாகக் கொஞ்சம் பணமும். இன்னும் புதுப்பேட்டையிலேயே நிற்கிறவர் சீட்டின் அடியில் கையை விட்டு ஸ்பிரிங்கைத் தடவிப் பார்க்கட்டும், ஃபோமை முகர்ந்து பார்க்கட்டும், நகரும் தண்டவாளம் இரண்டும் கூடவே வருகிறதா என்று எண்ணட்டும். கடைக்காரர் “இந்தக் கிழிஞ்ச துணி எதுக்கு சார்” என்று உரித்து வீசப் போவார். விடக் கூடாது. அந்தத் துணியின் உள்மடிப்பில் வெயில் படாத இடத்தில்தான் பழைய நிறமும், தையலின் அளவும், ஃபோமின் விளிம்பு எவ்வளவு உயரம் நின்றது என்ற தடமும் இருக்கின்றன.